கயிறு சொன்னால் மட்டும்

கடையின் இரும்பு ஷட்டரை அம்மாள் இரண்டே விரலால் தூக்குகிறார். பக்கத்துச் சலவைக் கடைக்காரர் இரண்டு கையாலும் முக்கி முனகித் தன் ஷட்டரோடு மல்லுக்கட்டுகிற அதே நேரத்தில் இது தினமும் நடப்பதால், அவருக்கு இதில் நிரந்தரமாக ஒரு மனத்தாங்கல் உண்டு.

"ஏம்மா, நான் பாக்குறேன்னு தெரிஞ்சே பண்றீங்களா?"

"விரலுக்கு வேலை குடுக்கலைன்னா அது சோம்பேறி ஆயிடும்ணே."

தெரிந்தேதான் செய்கிறார்.

அம்மாள் வைத்திருப்பது மூக்குக்கண்ணாடிக் கடை. வயது ஐம்பத்து நான்கு. எள்ளளவு திருகாணியைக் கிடுக்கியில் பிடித்து, மூச்சை அடக்கி, கண்ணாடிக் காலில் ஒரே முயற்சியில் பொருத்திவிடுவார். அதே விரல்களின் நுனியைப் பார்த்தால் காய்த்துப் போய், அங்கங்கே தோல் உரிந்து, உப்புத்தாள் தோற்றுவிடும். கண்ணாடி ஓரத்தைத் தேய்க்கிற கல்லிலேயே விரல்நுனிக் காய்ப்பையும் தேய்த்துக்கொள்வார். வாடிக்கையாளர் யாராவது முகம் சுளித்தால், "பாறையில மாட்டிக் கிழியிறதுக்கு இது தேவலைங்க" என்று கூசாமல் சொல்வார்.

கண் பரிசோதிக்கிற எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு அட்டை தொங்குகிறது. கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் என்கிற கால அட்டவணை. ஒரு தடவை வயதான ஒருவர் எழுத்து அட்டையை விட்டுவிட்டு அந்த அட்டவணையைக் கடகடவென்று வாசித்துக் காட்டி, "என் கண்ணுக்கு என்னம்மா குறைச்சல்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். வியாபாரம் போச்சே என்று அம்மாள் வருத்தப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரிசையை அவர் சரியாக வாசித்தாரா என்றுதான் எழுந்து போய்ப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அம்மாள் கடலோரப் பாறைச் சுவரில் ஏறுவார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். மூன்று மணி நேரம் வண்டியில் போய், சாலை முடிந்த இடத்திலிருந்து அரை மணி நடந்தால், நிலம் சட்டென்று அறுந்து நிற்கும். கீழே கடல். மலை ஏறுகிறவர்கள் அடிவாரத்தில் தொடங்குவார்கள். இங்கே எல்லாம் தலைகீழ். முதலில் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கி, அலை அடிக்கிற விளிம்பில் போய் நின்றுகொண்டு, அப்புறம் ஏறி வீடு திரும்ப வேண்டும். நாத்தனார் இவருக்கு வைத்திருக்கும் பெயர் பல்லி. "எங்க வீட்டுப் பல்லி இந்த வாரம் எந்தச் சுவத்துலயாம்?" என்று தொலைபேசியில் கேட்பார். அம்மாளுக்கு அந்தப் பெயரில் பெருமைதான்.

கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கிறவன் கொழுந்தன், கணவரின் தம்பி. பேருந்து ஓட்டுநர், நிதானமான கை. அவன் மேல் அம்மாளுக்கு இருக்கிற நம்பிக்கை ஒரு பெரிய தப்பிலிருந்து பிறந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மூன்று முறை கயிற்றை இழுத்தால் 'நான் பத்திரமாக மேலே வந்துவிட்டேன், கயிற்றை விடலாம்' என்று அர்த்தம் வைத்திருந்தார்கள். அலைச் சத்தத்தில் கத்தினால் கேட்காதே. ஒரு நாள் கொழுந்தன் கீழே நிற்க, அம்மாள் பாதிச் சுவரில் இருந்தார். தொங்கிய கயிற்றின் வளைவு கடலில் விழ, அலை அதை மூன்று முறை இழுத்தது. அவன் அண்ணிதான் இழுக்கிறார் என்று நினைத்துக் கயிற்றை விட்டுவிட்டான். கால் மணி நேரம் அம்மாள் கயிற்றைப் பிடிக்க ஆளில்லாமல், ஆளில்லை என்பதே தெரியாமல், பாட்டுப் பாடிக்கொண்டு ஏறினார். விழவில்லை. விஷயம் தெரிந்த பிறகு கொழுந்தன்தான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"அலை சும்மா இழுக்கும்டா. காத்திருந்து இழுக்காது" என்றார் அம்மாள். அன்று உட்கார்ந்து புதிய குறி அமைத்தார். இரண்டு இழுப்பு. மனசுக்குள் ஐந்து எண்ண வேண்டும். பிறகு ஒரு இழுப்பு. அது கைக்குத் தெரியும்வரை கயிற்றை விடக் கூடாது. காதில் என்ன விழுந்தாலும் சரி.

போன மாதம் கொழுந்தனுக்குத் தோளில் அறுவை சிகிச்சை ஆயிற்று. இனிமேல் பேருந்து ஓட்டலாம், கயிறு பிடிக்கக் கூடாது என்று மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். மறுமுனையில் ஆள் இல்லையென்றால் அம்மாளுடைய ஞாயிற்றுக்கிழமை முடிந்தது, வாழ்நாளுக்கும். வேறு யாரையாவது பிடிக்கலாமே என்று கேட்டவர்களிடம், "முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்ட பல்லு புடுங்கிக்கலாம். கயித்துல தொங்க முடியாது" என்றார்.

தெரிந்த ஆள் வீட்டிலேயே ஒருவர் இருந்தார். கணவர். ஓய்வுபெற்ற தபால்காரர். அவருக்கு உயரம் என்றால் குலை நடுங்கும். முப்பது வருஷ உத்தியோகத்தில் மாடிப் படிகளில் சுவரை உரசிக்கொண்டே ஏறி, சட்டையின் இடது தோள் மட்டும் நைந்துபோன மனிதர். பல்பு மாற்றுவதற்கு முக்காலியில் ஏறச் சொன்னால், "இருட்டும் நல்லாத்தான் இருக்கு" என்பார். ஆனாலும் மனைவி ஏறுகிற ஒரு ஞாயிறும் தவறியதில்லை. பாறை உச்சிக்கு வருவார். ஓரத்திலிருந்து நாற்பது அடி தள்ளி மடக்கு நாற்காலி போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, செய்தித்தாள் படிப்பார். மனைவி மேலே வந்த பிறகு ஃபிளாஸ்கைத் திறப்பார்.

"அண்ணனா? வேணாம் அண்ணி!" என்று பதறினான் கொழுந்தன்.

"உனக்குப் போனது தோளு மட்டுந்தானே? வாய மூடிக்கிட்டு வேடிக்கை பாரு."

பயிற்சி வீட்டில் நடந்தது. மாடிப் படுக்கையறையில் கணவர், கீழே சமையலறையில் அம்மாள், படிக்கட்டு வழியாகக் கயிறு. கயிறு தளர்ந்தால் இழுக்க வேண்டும், பாரம் விழுந்தால் கயிறு நுழைந்து ஓடும் பிடிப்புக் கருவி தானே கவ்விக்கொள்ளும், ஆனாலும் கையை எடுக்கக் கூடாது. முதல் நாள் அடுப்படியிலிருந்து அம்மாள் கத்தினார்: "வந்துட்டேங்க, விட்டுடுங்க!"

கணவர் விட்டுவிட்டார்.

அம்மாள் தடதடவென்று மாடியேறினார். "நான் சொன்னேன். கயிறு சொன்னுச்சா?"

"நீதானேம்மா கூப்பிட்ட? உன் குரல் எனக்குத் தெரியாதா?"

"காத்துல பாதி வார்த்தை பறந்துடும். 'வந்துட்டேன்னு நினைக்காதீங்க'ன்னு கத்துனா உங்களுக்கு 'வந்துட்டேன்'னு மட்டும் கேக்கும். கயிறு சொன்னா மட்டும் விடுங்க."

இரண்டு வாரம், தினமும் கடை மூடிய பிறகு இதே கூத்து. "தபால் வந்திருக்கு, கீழ வாங்க!" என்று ஒரு நாள் கத்தினார். பழைய பழக்கத்தில் கணவர் பாதி எழுந்து, பிறகு கயிற்றைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாராம். அன்றுதான் அம்மாளுக்கு நம்பிக்கை வந்தது.

சென்ற ஞாயிறுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வாரம் முதல் கடல் பறவைகள் அந்தச் சுவரில் முட்டையிடும். நான்கு மாதத்துக்கு மனிதர் யாரும் தொடக் கூடாது. இதில் தேறவில்லையென்றால் கணவர் நான்கு மாதத்தில் நாலாயிரம் சாக்குக் கண்டுபிடித்துவிடுவார் என்று அம்மாளுக்குத் தெரியும்.

உச்சிப் பாறையில் மூன்று இடத்தில் கயிறு கட்டும் நங்கூரம் போட்டு, கணவரை அதில் கட்டி, ஓரத்திலிருந்து பத்தடி தள்ளி, கடலைப் பார்த்து உட்கார வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் கடலுக்கு முகத்தைக் காட்டினார். காட்டியதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணு தேவையில்லைங்க. கை இருந்தாப் போதும்."

அவர் கயிற்றை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

அம்மாள் தனிக் கயிற்றில் இறங்கினார். கீழே விளிம்பு ஈரமாக இருந்தது. கடல் ஏற இன்னும் நாற்பது நிமிடம். கணவர் கையிலிருந்த கயிறு இடுப்பில் தளர்வாகத் தொங்கியது. ஒரு நொடி, இரண்டு நொடி. மேலே எழுந்து போய்விட்டாரா? செய்தித்தாளைத் தேடுகிறாரா? பிறகு கயிறு மெல்ல அசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, இடுப்புப் பட்டையில் வந்து விண்ணென்று நின்றது. "அடேயப்பா" என்றார் அம்மாள், கேட்க யாரும் இல்லாவிட்டாலும்.

சுவரின் முக்கால் உயரத்தில் பாறை வெளியே பிதுங்கி நிற்கிறது. அம்மாளும் கொழுந்தனும் அதற்கு வைத்த பெயர் தொப்பை. அதுவரை அம்மாள் சொந்த வீட்டுப் படி ஏறுவதுபோல ஏறிவிட்டார். தொப்பையில் வலது கைக்குப் பிடி கிடைத்தது, இடது கால் வைத்த இடம் கடல் தெறித்து வழவழவென்று இருந்தது. கால் போயிற்று. கையும் போயிற்று.

ஒரு சாண் கூட இறங்கவில்லை. கயிறு இறுகி, அம்மாள் அந்தரத்தில் லேசாகச் சுழன்றார். மேலே தன் முழுப் பாரமும் அந்தத் தபால்காரர் கையில் இப்போது தெரிந்திருக்கும். பயந்து எதையாவது செய்துவிடுவாரோ என்று காத்திருந்தார். கயிறு மயிரிழை கூட அசையவில்லை. அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. காலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி போனார். இந்தத் தடவை தொப்பை வழிவிட்டது.

உச்சி விளிம்பைத் தாண்டி எழுந்து நின்றபோது, பத்தடி தூரத்தில் கணவர் கண்ணை இறுக மூடியபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு, தளர்ந்த கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். அம்மாள் நடந்து வந்து அவர் முழங்காலுக்கு எதிரே நின்றார். அவர் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை சொட்டியது.

"வந்துட்டேங்க. கண்ணத் திறங்க."

கணவர் திறக்கவில்லை. கை இன்னும் இறுகியது.

"கயிறு சொல்லலையே" என்றார்.

அம்மாள் அவர் எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இருவருக்கும் நடுவே இருந்த இரண்டு முழக் கயிற்றை விரலால் பிடித்து இரண்டு முறை இழுத்தார். ஒன்றைக் கூட விடாமல் மனசுக்குள் ஐந்து வரை எண்ணினார். பிறகு ஒரு முறை இழுத்தார்.