மீன் எண்ணெய் பூசிய கார்

போன வாரம் பேரன் புதுக் கார் வாங்கி வந்தான். வாசலில் நிறுத்திவிட்டு, "தாத்தா வா, ஒரு ரவுண்டு போலாம்" என்றான். நான் கதவைத் திறக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். இந்த வயதில் குனிவது சுலபம். நிமிர்வதுதான் கஷ்டம்.

"இன்னா தாத்தா, இன்னாத்தத் தேடுற?"

"பூனை கீதான்னு பார்த்தேன்."

அவன் சிரித்தான். அடியில் கறுப்பாக ஏதோ பூசியிருந்தது. துருப் பிடிக்காமல் இருக்க என்றான். ரப்பர் வாடை. இன்சூரன்ஸ் போட்டாச்சா என்று கேட்டேன். போனைக் காட்டினான்.

"யாரு வந்து வண்டியப் பார்த்தாங்கோ?"

"யாரும் வர்ல. இன்னாத்துக்கு வரணும்?"

நியாயம்தான். ஆனால் எனக்கு அதற்குள் மீன் எண்ணெய் வாடை மூக்கில் ஏறிவிட்டது. பல வருஷமாக வராத வாடை.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்த நேரம். ராயபுரத்தில் காசிம் பாயின் மோட்டார் ஷெட்டில் நான் வேலை பார்த்தேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஷெட்டுக்கு எதிரே ஒரு கருப்பட்டி மண்டி. திருநெல்வேலிப் பக்கத்து ஞானமுத்து நடத்தினார். தெருவுக்கே அவர் அண்ணாச்சி. மழை நாளில் மண்டியில் கருப்பட்டி இளகும். தெருவே தித்திக்கும். அதன் மேல் துறைமுகத்து நிலக்கரிப் புகை வந்து படியும். அதற்கும் மேல் எங்கள் குப்பத்துக் கருவாடு. மூன்றும் சேர்ந்த வாசனையை நீங்கள் முகர்ந்திருக்க மாட்டீர்கள். எனக்கு அதுதான் காற்று.

அண்ணாச்சிக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. கிடங்கு திருவொற்றியூரில். தினமும் போய் வரவேண்டும். மகன் இல்லை. ரூபி என்று ஒரே மகள். பதினெட்டு முடிந்திருந்தது. கணக்கெல்லாம் அவள்தான் பார்த்தாள். பாயின் பழைய ஜீப்பில் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டாள். ஊரிலிருந்த அத்தைக்கு அது பிடிக்கவில்லை. என் மகனை அனுப்புகிறேன், மண்டியையும் பார்ப்பான், ரூபியையும் கட்டிக்கொள்வான் என்று சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தாள். ரூபிக்கு அந்த அத்தான் வேண்டாம். மண்டி வேண்டும்.

அண்ணாச்சி எதையும் இன்சூரன்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள மாட்டார். ஒரு தடவை கிடங்கு தீப்பிடித்ததிலிருந்து அப்படி. வண்டி வாங்க வந்தவர் ஷெட்டு வாசலில் நின்றே மகளிடம் சொன்னார்.

"ஏட்டி, உன்னைய நம்பி இன்சூரன்ஸ்காரன் கையெழுத்துப் போட்டாம்னா நீ ஓட்டு. போடலைன்னா அத்தான வரச் சொல்லி எழுதிருவேன். பெறவு அழக் கூடாது."

"அழ மாட்டேம்ப்பா. வண்டியக் காட்டுங்க."

பாய் இரண்டு வண்டி காட்டினார். ஒன்று பெரியது. முன்னால் முழுக்க வெள்ளிப் பூச்சு. அண்ணாச்சி அதைத் தடவிக்கொண்டே நின்றார். ரூபி ஏறி உட்கார்ந்தாள். கிளட்சுக்குக் கால் எட்டவில்லை.

"முதுகுக்குத் தலகாணி வச்சுக்கிடு" என்றார்.

"பிரேக்க மிதிச்சா நான் பின்னால போவேன், தலகாணி நசுங்கும். வண்டி நிக்காது. பரவாயில்லையா?"

பாய் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார்.

இன்னொன்று சின்னக் கறுப்பு வண்டி. பெரம்பூரில் ரயில்வேக்காரர் ஒருவர் வைத்திருந்தது. உப்புக் காற்று படாத வண்டி. பார்க்க ஆமை மாதிரி இருக்கும். ரூபிக்குக் கால் நன்றாக எட்டியது. "இதாம்ப்பா" என்றாள். அண்ணாச்சிக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் வாங்கினார்.

இங்கேதான் நான் வருகிறேன்.

கிடங்குக்குப் போகும் கடற்கரைச் சாலையில் அப்போது அலை ஏறி வந்து வண்டி மேல் தெளிக்கும். உப்புத் தண்ணீர் பட்டால் இரும்பு அப்பளமாகிவிடும். எங்கள் குப்பத்தில் படகுக்கு மீன் எண்ணெய் பூசுவோம். மரத்துக்குத் தாங்குவது தகரத்துக்குத் தாங்காதா என்று நினைத்தேன். என் அம்மாவிடம் ஒரு டின் கேட்டேன்.

"காருக்கா? அது இன்னா, மீன் புடிக்கவா போவுது?" என்றாள். ஆனாலும் கொடுத்தாள்.

வண்டிக்கு அடியில் படுத்து இரண்டு பூச்சு பூசினேன். துரு வராது. அதில் சந்தேகம் இல்லை. பூனை வரும் என்பதுதான் தோன்றவில்லை. எங்கள் குப்பத்தில் எல்லாமே அந்த வாடைதான். பூனை தனியாக ஒன்றைத் தேடி வராது. மண்டித் தெருவில் அப்படி இல்லை. மறுநாள் காலையில் ராயபுரத்துப் பூனையெல்லாம் அந்த வண்டிக்கு அடியில் இருந்தன. படுத்தபடியே மேலே பார்த்து நக்கிக்கொண்டிருந்தன.

பாய் வந்து பார்த்தார். "இன்னாடா இது? காரா, கருவாட்டுக் கூடையா? ஒரே பேஜாரு பண்ணிட்டியேடா!"

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். இரண்டு வாடையும் சேர்ந்து வந்தது. விட்டுவிட்டேன்.

ரூபி திட்டவில்லை. "இருக்கட்டும்ண்ணே" என்று மட்டும் சொன்னாள். அன்று முதல், வண்டி எடுக்குமுன் புடவையைச் செருகிக்கொண்டு குனிந்து பார்ப்பாள். மட்கார்டில் தட்டுவாள். எல்லாம் ஓடிய பிறகுதான் ஏறுவாள்.

இன்சூரன்ஸ்காரர் வந்த நாளும் அதேபோலத்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். பதினெட்டு வயதுப் பெண் ஓட்டும் வண்டி என்றதும், நேரில் பார்க்காமல் தர முடியாது என்று கம்பெனியில் அவரை அனுப்பியிருந்தார்கள். வந்ததுமே கைக்குட்டை மூக்குக்குப் போய்விட்டது.

"என்னங்க இது வாசனை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஸ்பேனரைப் பார்த்தேன்.

ரூபி குனிந்தாள். தட்டினாள். பூனைகள் ஓடின. ஒரு வெள்ளைப் பூனை மட்டும் பின் சக்கரத்தை ஒட்டிப் படுத்திருந்தது. அவள் ஏறாமல் நின்றாள். இன்சூரன்ஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஹாரன் அடிங்கம்மா, ஓடிடும்."

"ஓடாது சார். அதுக்குக் காது கேக்காது."

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. கையெழுத்து போய்விடுமோ என்று பயம். "ஏட்டி, சாருக்கு நேரமாகுதுல்லா? பூனதான? எடு வண்டிய!"

"எடுக்க மாட்டேம்ப்பா."

"அப்பம் அத்தானுக்கு எழுதட்டா?"

ரூபியின் முகம் மாறியது. ஆனால் ஏறவில்லை. அங்கேயே நின்றாள். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, கொஞ்சம் அதை எடுத்துருங்க" என்றாள். நான் உள்ளே தவழ்ந்துபோய் அதை இழுத்தேன். கையில் நன்றாகக் கீறிவிட்டது. எண்ணெய் பூசின பாவத்துக்கு அது கம்மிதான்.

அதன்பின் இன்சூரன்ஸ்காரரை ஏற்றிக்கொண்டு காலடிப்பேட்டை வரை போய்த் திரும்பி வந்தாள். அண்ணாச்சி அதுவரை உட்காரவில்லை. நானும்.

இன்சூரன்ஸ்காரர் இறங்கி அண்ணாச்சியிடம் வந்தார்.

"வேற யார் ஓட்டுவாங்க இந்த வண்டிய?"

"யாருமில்ல சார். இவ மட்டுந்தான். நான்கூட முன்ன ஓட்டினவந்தான். இப்பம் கண்ணு சரியில்ல."

"நல்லதாப் போச்சு. நீங்க ஓட்டுறதா இருந்தா கையெழுத்துப் போட மாட்டேன். இந்தப் பொண்ணு ஓட்டினாப் போடுறேன்."

அண்ணாச்சிக்குச் சிரிப்பதா கோபப்படுவதா தெரியவில்லை. இன்சூரன்ஸ்காரர் என் பக்கமும் திரும்பினார்.

"எண்ணெய் பூசினது நீதானே? இனிமே பூசாதே. நான் மறுபடியும் ஏற வேண்டி வரலாம்."

அத்தானுக்குக் கடிதம் போகவில்லை. ரூபி மண்டியை நடத்தினாள். அண்ணாச்சிக்குக் கண் முழுதும் போன பிறகும் அந்தக் கறுப்பு வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து கிடங்குக்குப் போவார். எங்கே வருகிறோம் என்று வாசனையை வைத்தே சொல்வார். எண்ணெய் வாடை அடுத்த மழையோடு போய்விட்டது. பூனைகளும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டன. ரூபி மட்டும் குனிந்து பார்ப்பதை விடவில்லை. அவளைப் பார்த்து எனக்கும் பழகிவிட்டது.

இப்போது மண்டி இல்லை. ஷெட்டும் இல்லை. அலை ஏறாமல் இருக்கச் சாலையோரம் கல் கொட்டிவிட்டார்கள். திருவொற்றியூர்க் கிடங்கு இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு அடியில் யார் குனிந்து பார்ப்பது?

"தாத்தா, ஏறேன்" என்றான் பேரன்.

ஏறி உட்கார்ந்தேன். அவன் கீழே பார்க்காமலே வண்டியை எடுத்தான். ஒன்றும் ஆகவில்லை. எங்கள் தெருவில் இப்போது பூனையே இல்லை.