லாரிக்கு முடைந்த கூடை

இரண்டாயிரத்துப் பதினாறோ பதினேழோ, சரியாக நினைவில்லை. சித்திரை வெயில் காலம் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நெய்வேலியிலிருந்து அனல்மின் நிலையத்துச் சாம்பலை ஏற்றிக்கொண்டு, வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் குள்ளஞ்சாவடிப் பக்கத்தில் சாம்பல் செங்கல் செய்யும் இடங்களுக்குக் காண்ட்ராக்ட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். லாரி முதலாளியுடையது. டிரைவர் கேபினில் ஏ.சி. உள்ள வண்டி. எங்கள் ஸ்டாண்டில் அந்த மாதிரி வண்டி அது ஒன்றுதான்.

ஏ.சி. என்றதும் சொகுசு என்று நினைத்துவிடாதீர்கள். பல வருடம் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சாம்பல் வண்டி ஓட்டியதில் எனக்கு இளைப்பு வந்துவிட்டது. தூசியில் இருக்கக் கூடாது, முடியாவிட்டால் இந்த வேலையையே விட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அஞ்சாவது வரை படித்தவன். லாரியை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டால் தூசி வராதுதான், ஆனால் சித்திரை மாதத்தில் ஏ.சி. இல்லாமல் கண்ணாடியை ஏற்றினால் உள்ளேயே வெந்துவிடுவோம். அதனால்தான் முதலாளியிடம் போய் அந்த வண்டியைக் கேட்டேன். நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன். அவர் ஆபீசுக்கு எதிர் கடையில் டீ மேல் டீயாகக் குடித்துவிட்டுத்தான் உள்ளே போகத் தைரியம் வந்தது.

வண்டி கிடைத்தது. கூடவே ஒரு கவலையும் வந்தது. ஏ.சி.க்குக் கண்டன்சர் என்று ஒன்று உண்டு. வண்டியின் முன்பக்கம், ரேடியேட்டருக்கும் முன்னால் நிற்கும். மெல்லிய அலுமினியக் குழாய்கள், நடுவில் அதைவிட மெல்லிய தகடுகள். நகத்தால் அழுத்தினாலே தகடு மடங்கிவிடும். எங்கள் வழியில் அப்போது ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது. முன்னால் போகிற டிப்பர் லாரியிலிருந்து ஜல்லி உதிரும், டயரில் சிக்கிய கல் தெறித்து வரும். ஒரு கல் குழாயில் பட்டால் போதும், உள்ளே இருக்கும் கேஸ் எல்லாம் போய் ஏ.சி. நின்றுவிடும். எனக்கு அடுத்தடுத்து இரண்டு முறை அப்படி ஆனது. இரண்டாம் முறை மாற்றிக் கொடுத்தபோது முதலாளி சொன்னார்:

"தோ பாருப்பா, இன்னொரு வாட்டி கல்லு பட்டுச்சுன்னா நான் மாத்த மாட்டேன். ஏ.சி. இல்லாம ஓட்டு. முடியலன்னா சாவியக் குடுத்துடு."

அவரைக் குறை சொல்ல முடியாது. நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

முதலில் நானே ஒரு யோசனை செய்தேன். ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலைக் கம்பியை வாங்கி முன்பக்கம் முழுக்க இழுத்துக் கட்டினேன். எறும்புகூட நுழைய முடியாது என்று பெருமையாக இருந்தது. கல் நுழையவில்லைதான், ஆனால் சாம்பல் போய் அதன் கண்களை எல்லாம் அடைத்துக்கொண்டது. ஏ.சி.யில் அனல் காற்று வந்தது. குள்ளஞ்சாவடி நெருங்கும்போது இன்ஜின் சூடு முள் மேலே ஏறிவிட்டது. ஓரம் கட்டினேன். அங்கிருந்த மெக்கானிக் பையன் வலையைப் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு.

"இன்னாண்ணே, மூக்கப் பொத்திக்கினு ஓடுன்னா வண்டி எப்பிடிண்ணே ஓடும்?"

வலையைக் கழற்றிச் சுருட்டி சீட்டுக்குப் பின்னால் போட்டேன். மறுபடியும் கண்டன்சர் மறைப்பு ஒன்றும் இல்லாமல் நின்றது.

வீட்டில் லாரிச் சமாசாரம் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து என் மனைவியே கேட்டாள். அவள் பிளாஸ்டிக் ஒயர்க் கூடை பின்னுவாள். நெய்வேலி குவார்ட்டர்ஸ் பெண்கள் மார்க்கெட்டுக்கு எடுத்துப் போக அவளிடம் சொல்லி வைத்து வாங்குவார்கள். கையில் பாதிக் கூடையை வைத்துப் பின்னிக்கொண்டே நான் சொன்னதை எல்லாம் கேட்டாள்.

"கல்லு எம்மாம் பெருசு இருக்கும்?"

"கல்லு மாதிரிதான் இருக்கும்."

"கல்லு கல்லு மாதிரி இல்லாம இட்லி மாதிரியா இருக்கும்? எடுத்தாந்து காட்டுங்க."

மறுநாள் வடலூர் தாண்டி வண்டியை நிறுத்தி, ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெரிசும் சின்னதுமாகக் கல் பொறுக்கினேன். வைக்க ஒன்றும் இல்லாததால் காலியான டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டேன். நேரம் பாருங்கள், எங்கள் ஸ்டாண்டிலேயே அதிகம் கிண்டல் பேசுகிற டிரைவர் அந்தப் பக்கம் வந்தார். வண்டியை மெதுவாக்கி, தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா மாமா, வூட்ல சோறு போடலயா? கல்லத் துன்ன ஆரம்பிச்சிட்ட?"

டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

வீட்டில் அவள் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு கல்லை எல்லாம் தரையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டாள். இது பட்டால் ஓட்டையாகுமா, இது பட்டால் ஆகுமா என்று. ஆகும் என்று நான் சொன்னதில் ஆகச் சின்னதை எடுத்து விரலோடு வைத்துப் பார்த்தாள்.

"அப்ப சுண்டுவிரல் போவணும், கட்டவிரல் போவக் கூடாது. அவ்ளோதான?"

நான் அளவெடுத்து, வெல்டிங் கடையில் கம்பிச் சட்டம் ஒன்று அடித்து வந்தேன். அதில் ஒயரை இரட்டையாகப் போட்டுப் பின்னினாள். கூடைக்காரிகள் சிவன் கண் என்று சொல்கிற பின்னல் அது. அதையே கொஞ்சம் தளர்த்தி, காற்று போக இடைவெளி விட்டாள். முடிச்சை இறுக்கி இறுக்கி விரல் சிவந்து, தண்ணீரில் கை வைத்தால் எரிகிறது என்றாள். எல்லாம் சரி, நிறத்தைப் பார்த்துத்தான் எனக்குத் திக்கென்றது. ரோஸும் கிளிப்பச்சையும்.

"கறுப்பு இல்லையா?" என்றேன்.

"கறுப்புக் கூடய எவ வாங்குவா? மீந்தத வச்சித்தான் போட முடியும்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. காலையில் வண்டியின் முன்பக்கம் கட்டினேன். சாம்பல் நிற லாரிக்குக் கல்யாணம் நிச்சயமான மாதிரி இருந்தது.

எடை மேடையில் வண்டிகள் வரிசையாக நிற்கும். எல்லோரும் இறங்கி வந்து பார்த்தார்கள்.

"மார்க்கெட்டுக்கா மாமா? வர்றப்ப அரைக் கிலோ தக்காளி வாங்கியாந்துடு" என்றார் கிண்டல்காரர்.

"சிவன் கண்ணுப்பா அது. லாரிக்கு நெத்திக்கண்ணு. முன்னால போறவன எரிச்சிடுவாரு" என்றார் இன்னொருவர்.

நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏ.சி.யைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். காற்று குளுகுளுவென்று வந்தது. சாம்பல் படிந்தாலும் ஒயரில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அன்று மாலை அவள் கேட்டாள், "பாத்தவங்க இன்னா சொன்னாங்க?" என்று.

"நல்லாருக்குன்னாங்க."

"சிரிச்சாங்களா?"

"கொஞ்சம்."

"சிரிக்கட்டும். கல்லு வர்ற வரைக்கும் சிரிப்பாங்க" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

சில வாரம் கழித்துக் குறிஞ்சிப்பாடிக்கு முன்னால் அது நடந்தது. எனக்கு முன்னால் போன டிப்பர் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின்கதவு அசைந்து ஜல்லி கொட்டியது. பிரேக் போடுவதற்குள் என் வண்டி முகத்தில் டம் டம் என்று அடி. ஓரமாக நிறுத்திவிட்டேன், ஆனால் இறங்கிப் பார்க்கப் பயம். சாவி போச்சு, வேலை போச்சு என்று நினைத்தபடி ஏ.சி. வாயில் கையை வைத்துக்கொண்டே இருந்தேன். குளிர் நிற்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அப்போதும் நிற்கவில்லை. பிறகுதான் இறங்கினேன்.

ஒயர் இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. ஆனால் முடிச்சுகள் விடவில்லை. நடுவில் ஒரு கண்ணுக்குள் நெல்லிக்காய் அளவு ஜல்லி ஒன்று பாதி நுழைந்து மாட்டிக்கொண்டு நின்றது. குனிந்து உள்ளே பார்த்தேன். கண்டன்சரில் ஒரு தகடுகூட மடங்கவில்லை. அந்தக் கல்லைப் பிடுங்கி எடுத்துத் துடைத்து, டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டேன்.

ஸ்டாண்டில் கிண்டல்காரர் வந்து அறுந்த இடத்தைப் பார்த்தார். அறுபடாத பக்கத்துக் கண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். கட்டைவிரல் போகவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாமா, ஒயரு நான் வாங்கியாறேன். அக்காகிட்ட என் வண்டி ரேடியேட்டருக்கும் ஒண்ணு போட்டுத் தரச் சொல்லு. ஆனா கறுப்புதான் வோணும், சொல்லிட்டேன்" என்றார்.

அவளிடம் சொன்னேன். "கறுப்புல கண்ணே தெரியாது, கெளிப்பச்சன்னா போட்டுத் தரேன்னு சொல்லுங்க" என்றாள். அவர் கிளிப்பச்சைதான் கட்டிக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அந்த மாதமே அவள் குறிஞ்சிப்பாடியில் உள்ள தம்பி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. முதலாளியிடம் கேட்டு லாரியிலேயே கூட்டிப் போனேன். அதுவரை அவள் அந்த வண்டியில் ஏறியதே இல்லை. ஏறும் முன் முன்பக்கம் போய், அறுந்த ஒயருக்குத் தான் ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். ஏ.சி. போட்டேன். "அடேயப்பா" என்று முகத்தைக் காற்றுக்குக் காட்டினாள். கொஞ்ச நேரம்தான். வடலூர் வருவதற்குள் முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டாள். பல் கிட்டியது.

"இன்னாங்க இது, மார்கழியாட்டம் இருக்குது. எனக்கு ஒத்துக்கல."

நான் ஏ.சி.யை நிறுத்தினேன். அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். வெயில் காற்றோடு, நான் ஏற்றி வந்த சாம்பலும் கொஞ்சம் சுழன்று உள்ளே வந்தது. அடக்கத்தான் பார்த்தேன். ஒரே ஒரு இருமல் வந்துவிட்டது.

அவள் மடமடவென்று கண்ணாடியை ஏற்றினாள். "ஏ.சி.யப் போடுங்க" என்றாள்.

"உனக்குத்தான் குளுருதே?"

"குளுர்னா போத்திக்கலாம். இருமல எத வச்சிப் போத்துறது?"

என் துண்டையும் வாங்கித் தோளைச் சுற்றிக்கொண்டு, குறிஞ்சிப்பாடி வரும் வரை காலை மடக்கி, நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் இறங்கிப் போகும்போது ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. எனக்குத்தான் பேச வராதே, "துண்டு" என்று மட்டும் சொன்னேன். "வச்சிக்கினு போறேன், இன்னும் குளுரு உடல" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

இப்போது வேறு வண்டி ஓட்டுகிறேன், அதன் முகத்திலும் அவள் பின்னிய சிவன் கண்தான் இருக்கிறது. குளிரே ஒத்துக்கொள்ளாத ஒருத்தி விரல் எரிய எரியப் பின்னித்தான் எனக்கு இந்தக் குளிர் நிலைத்தது என்பது, கண்ணாடியை ஏற்றும் ஒவ்வொரு முறையும் எனக்கு நினைவு வருகிறது.