மாத்தினவங்கதான் நஷ்டம் சொல்லணும்

நான் கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்தபோது அந்த வீட்டில் எனக்கு முன்னால் ஒருத்தி வாழ்ந்துவிட்டுப் போயிருந்தாள். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார்கள். மூத்தவள் டைபாய்டில் போய்விட்டாள், குழந்தை இல்லை, மாப்பிள்ளை திருச்சியில் கிறிஸ்தவ வேதக்காரர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார், தங்கமான குணம். எங்கள் அப்பாவுக்கு லால்குடிப் பக்கம் கொஞ்சம் நிலம், எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். தங்கமான குணம் என்று காதில் விழுந்ததும் அவருக்கு மூச்சு வந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தேன்.

தங்கமான குணம்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் மனுஷர் பேசமாட்டார். "சாப்பாடு போடவா?" என்றால் ஒரு "ம்." "குழம்புல உப்பு சரியா இருக்கா?" என்றால் இன்னொரு "ம்." எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். பதில் வராத வீட்டில் இருந்தால் பைத்தியமே பிடித்துவிடும். கூடத்துச் சுவரில் மூத்தவளின் போட்டோ மாட்டியிருந்தது. அவளை அக்கா என்றுதான் சொல்ல வேண்டும் என்று எங்கள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம், இருந்த பேச்சையெல்லாம் இவளிடமே பேசித் தீர்த்துவிட்டார், எனக்கு மிச்சம் வைக்கவில்லை என்று வயிறு எரியும்.

வந்த புதிதில் ஒரு நாள் கோயிலுக்குப் போனோம். பிரகாரத்தில் நடந்துகொண்டே, வகுப்பில் பாடம் எடுக்கிற குரலில், ஊருக்கே தெரிந்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். பெருமாள் இலங்கைக்குப் போக வேண்டியவர். தூக்கிக்கொண்டு போனவர் பூஜை நேரம் வந்துவிட்டதே என்று காவிரிக்கரையில் கீழே வைத்தார். திரும்ப எடுக்கப் போனால் அசையவில்லை. இங்கேயே தங்கிவிட்டார். கதை முடிந்தது. என் வாய் சும்மா இருக்குமா?

"கீழ வைக்காமலே போயிருந்தா?" என்றேன்.

நின்றுவிட்டார். கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் சிரித்தார். நான் பார்த்த முதல் சிரிப்பு அதுதான்.

"வைக்காமப் போயிருந்தா இங்க வெறும் மணல்திட்டுதான். நாலு தென்னை, கொஞ்சம் கோரை. வைகுண்ட ஏகாதசிக்கு நீயும் நானும் போட் மெயில் ஏறி தனுஷ்கோடி போய்க் கப்பல் பிடிக்கணும்."

"கப்பலா? எனக்கு பஸ்ஸுக்கே வயித்தைப் புரட்டுமே."

அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை பேசினார். பெருமாள் இல்லாத ஊரில் மதில் இல்லை, வீதி இல்லை, நாங்கள் வாடகைக்கு இருந்த வீடும் இல்லை. அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். எனக்கு ஊர் போனதைப் பற்றிக் கவலையே இல்லை. பேச்சு வந்ததே, அது போதும் என்று இருந்தது.

அப்புறம் அதுவே எங்களுக்கு விளையாட்டாகிவிட்டது. சட்டம் போட்டவர் அவர்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சோழர்கள் தோற்கக் கூடாது, வெள்ளைக்காரன் வரக் கூடாது என்று எல்லாவற்றையும் ஓசியில் மாற்றிவிடுகிறார்களாம். "அதெல்லாம் கதைக்கு ஆகாது. ஒண்ணைத்தான் மாத்தலாம். மாத்தினவங்க, அதனால தனக்கு என்ன நஷ்டம்னு தன் வாயால சொல்லணும். சொல்லாட்டி ஆட்டம் செல்லாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பஸ் ஏறி மெயின்கார்டு கேட்டில் இறங்கி மலைக்கோட்டைக்கு ஏறுவோம். வழியில் பல்லவர் குடைந்த குகை ஒன்று இருக்கிறது. அதைக் குடையச் சொன்ன ராஜா முதலில் சமணனாக இருந்து அப்புறம் சிவனிடம் வந்தவனாம்.

"இவன் மட்டும் மாறாம இருந்திருந்தான்னா ஊரே சமணம்" என்றார். "பொழுது சாயறதுக்குள்ள சாப்பாட்டை முடிச்சுடணும். கிழங்கு கூடாது, வெங்காயம் கூடாது."

"சரி, நஷ்டத்தைச் சொல்லுங்க."

"உன் வெங்காய சாம்பார்."

என் சமையலைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. பல்லவ ராஜா புண்ணியத்தில் கிடைத்தது. படியேற மூச்சு வாங்கியதுகூட எனக்குத் தெரியவில்லை.

நானும் விடவில்லை. உறையூர்த் துணி ரோமாபுரிவரைக்கும் போனது என்று அவர் சொல்லியிருந்தார். மலை உச்சியில் உட்கார்ந்து, தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த மாதா கோயிலின் கூம்பைப் பார்த்துக்கொண்டே, "ரோமாபுரி ராஜா வேதத்துல சேராம இருந்திருந்தா?" என்று ஒரு போடு போட்டேன். அந்த மதம் உலகம் முழுக்கப் பரவியிருக்காது. அந்தக் கூம்பு இல்லை. அங்கே ரோமாபுரிக்காரன் சூரியனுக்கு ஏதாவது கோயில் கட்டியிருப்பான், அதில் உறையூர்த் துணியில் திரை தொங்கும். "எனக்கு நஷ்டம் உங்க வேலை" என்று முடித்தேன். பள்ளிக்கூடமே இருக்காதே. இருமல் வரும்வரை சிரித்தார்.

இப்படி ராஜ்யங்களை இஷ்டத்துக்குக் கவிழ்த்தோம், மதங்களை ஊர் மாற்றி வைத்தோம். ஆனால் ஒன்றை மட்டும் தொடவில்லை. கூடத்துச் சுவர் பக்கம் வந்தால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வோம். இந்த மனுஷருக்கு நிஜமாகவே ஒன்றை மாற்றக் கிடைத்தால் எதை மாற்றுவார் என்று எனக்குத் தெரியாதா? அதை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்றும் இருந்தது, ஐயோ கேட்டுவிடக் கூடாது என்றும் இருந்தது. சோறு வடிக்கும்போது, துணி துவைக்கும்போது, இதே நினைப்புத்தான்.

எங்கள் வீடுகளில் சுமங்கலியாகப் போனவளுக்கு வருஷா வருஷம் தை வெள்ளிக்கிழமையில் புதுப்புடவை வைத்துப் படைப்பது வழக்கம். படைத்த புடவையை அன்றைக்கே இளையவள் கட்டிக்கொள்ள வேண்டும். புடவையை அவர்தான் போய் எடுத்து வருவார், எப்போதும் கிளிப்பச்சை. அக்காவுக்குப் பிடித்த கலர். போட்டோவைப் பார்த்தாலே தெரியும், நல்ல சிவப்பு அவள். என் நிறத்துக்கு அந்தக் கலரைக் கட்டினால் வேப்பமரத்தில் காக்கா உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆனாலும் வாயைத் திறக்காமல் கட்டிக்கொள்வேன். போய்ச் சேர்ந்தவளோடு கலருக்குச் சண்டை போட முடியுமா?

ஒரு வருஷம் முடியவில்லை. படையலுக்கு முதல் நாள் சாயங்காலம், விளக்கேற்றிவிட்டு வந்தேன். அவர் புடவைப் பொட்டலத்தைச் சமையல்கட்டு வாசலில் வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிரித்துப் பார்த்தேன். கிளிப்பச்சை. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அப்படி ஒரு ஆத்திரம்.

"ஏங்க, நான் ஒண்ணை மாத்தப் போறேன்."

"எந்த ராஜ்யம்?" என்றார் சிரித்துக்கொண்டே.

"ராஜ்யம் இல்லை. அக்கா சாகாம இருந்திருந்தா?"

சட்டையை ஆணியில் மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாத்தினது நீ" என்றார், மெதுவாக. "நஷ்டத்தை நீதான் சொல்லணும்."

தப்பிக்கப் பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவருக்கென்று வைத்த கண்ணியில் நான் போய் மாட்டிக்கொண்டேனே என்று எரிச்சல் வேறு. ஆனால் முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார்.

சட்டம் சட்டம்தானே. சொல்ல ஆரம்பித்தேன்.

"இந்த வீடு."

"ம்."

"ஞாயித்துக்கிழமை பஸ். மலைக்கோட்டை."

"ம்."

"இந்த விளையாட்டு." அவரை நேராகப் பார்த்தேன். "நீங்க. நீங்கதான் எனக்கு நஷ்டம். வேற என்ன இருக்கு எனக்கு?"

அந்தக் காலத்தில் எந்தப் பெண்டாட்டி புருஷனிடம் இப்படிச் சொன்னாள்? சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அவர் சட்டையைக் கையில் பிடித்தபடியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கல்யாணமான நாள்லேருந்து இதை நீ கேட்டுடுவியோன்னு பயந்துக்கிட்டு இருக்கேன்" என்றார். "மாத்துவேன்னு சொன்னா உன்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளின மாதிரி. மாட்டேன்னு சொன்னா அவளை இன்னொரு தடவை சாக விட்ட மாதிரி. நான் எதைச் சொல்றது, சொல்லு."

சொல்லிவிட்டு அழுதார். சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. நான்தான் ஒரே கேள்வியை வயிற்றில் கட்டிக்கொண்டு திரிகிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் அதே ஆட்டத்தை எனக்கும் தெரியாமல் தனியாக ஆடி, ஒவ்வொரு தடவையும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறார். பாவமாக இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், சந்தோஷமாகவும் இருந்தது.

"எதையும் சொல்ல வேணாம், விடுங்க" என்றேன். "கைகால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

மறுநாள் அக்காவுக்குப் பிடித்ததெல்லாம் செய்து, மணையில் புடவை வைத்து, சாம்பிராணி போட்டுப் படைத்தோம். மற்ற வருஷங்களில் கற்பூரத்தைக் காட்டிவிட்டு அடுப்பு வேலை இருக்கிறதென்று உள்ளே போய்விடுவேன். அன்றைக்குப் போகவில்லை. கிளிப்பச்சையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து போட்டோவுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன்.

"நீங்க இருந்திருக்கலாம் அக்கா. நான் எங்கேயாவது பொழைச்சுப் போயிருப்பேன்" என்று மனசுக்குள் சொன்னேன்.

அது பொய் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.