உயிரோடிருப்பவருக்காகப் பாய் விரித்தவர்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்நினைவு மலரைப் பெறும் உற்றார்க்கும் நண்பர்க்கும் ஒன்றை முதலில் சொல்லவேண்டும். அக்கா தொட்டாலே குடி மறந்துபோகும் என்பது போன்ற கதைகள் ஆலைப் பகுதியில் உலவுகின்றன. மிகைபடக் கூறுவதை அக்கா விரும்பியதில்லை. ஆகவே, நான் கண்டவற்றையும் கண்டோரிடம் கேட்டு உறுதிசெய்தவற்றையும் மட்டுமே எழுதுகிறேன்.

கிணத்துக்கடவுக்கு அருகே வேளாண் குடியில் பிறந்த அக்கா, மணமாகிக் கோவைக்கு வந்தார். இளமையிலேயே கணவரை இழந்தார். நூலாலையில் நூல் சுற்றும் பிரிவில் உழைத்து, தம்பியாகிய என்னைப் படிக்கவைத்தார்.

மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலம் அது. கள்ளச்சாராயம் கிடைக்காத நாளில், மரச்சாமானுக்குப் பூசும் வார்னிஷைக் குடித்தவர்களும் உண்டு. எங்கள் லைன் வீட்டில் அடுத்த குடித்தனத்துச் சின்னராசு அவர்களுள் ஒருவர். குடியை நிறுத்தியதும் அவருடைய உடல் நடுங்கியது. சுவரில் எவரெவரோ தெரிவதாக அலறினார். பேய் பிடித்ததென்று கருதிய உறவினர், கோயிலில் சங்கிலியிட்டு வைக்க எண்ணினர். மருந்து கொடுத்து நாள்தோறும் வந்து பார்த்த மருத்துவரோ, அவரைத் தனியே விடலாகாது என்றார். மனைவி பொன்னாத்தாள் வேலைக்குச் சென்றால்தான் அவ்வீட்டில் உலை கொதிக்கும்.

அக்கா அவ்வீட்டு வாசலில் பாய் விரித்தார். துக்க வீட்டில் அமர்வதுபோல் முறைவைத்து அமர அண்டை வீட்டாரை அழைத்தார். வரவேற்பில்லை, விடைபெறலில்லை, அறிவுரையும் இல்லை.

"எழவு ஊட்டுல ஆராச்சும் புத்தி சொல்றமாங்க? கூட உக்கார்றோம், அவ்வளவுதான். செத்தவனுக்குச் செய்யறத இருக்கறவனுக்குச் செஞ்சா என்னங்க?" என்றார்.

பாயையும் வாய்திறவாத கூட்டத்தையும் கண்ட யாரோ ஒருவர், சின்னராசுவின் உறவினர் வாழ்ந்த சென்னிமலைக்குத் தவறான செய்தி கொண்டுபோய்விட்டார். மறுநாள் தெருமுனையிலேயே ஒப்பாரி கேட்டது. சின்னராசுவின் தாய்மாமன் கோடித்துணியும் மாலையுமாக முன்னே வந்தார். நடுங்கும் கையால் கதவைப் பற்றியபடி சின்னராசுவே வெளியே வந்தார்.

"ஏனுங் மாமா, ஆருங்க போயிட்டாங்க?"

"நீதான்னு சொன்னாங்கடா, பாவி!"

பாயிலிருந்த பெண்கள் அடக்கமாட்டாமல் சிரித்தனர். சின்னராசுவும் சிரித்தார். அதைக் கண்டு பொன்னாத்தாள் அழுதார். மாமனோ அக்காவிடம் சினந்தார்.

"உசிரோட இருக்கறவனுக்கு எழவுப் பாயா? நல்லா இருக்குது அம்மணி உங்க ஞாயம்! டேய், கெளம்பு கோயிலுக்கு."

அக்கா குரலை உயர்த்தவில்லை. "கூட்டிட்டுப் போங்க, வேண்டாங்கல. மொதல்ல சித்த உக்காந்து அவன் கண்ணப் பாருங்க. அப்பறமும் சங்கிலி போட மனசு வந்தாப் போடுங்க."

மாமன் அமர்ந்தார். பொழுது சாயும்வரை எழவில்லை. மீண்டும் நடுக்கம் கண்டபோது, கொண்டுவந்த கோடித்துணியாலேயே மருமகனைப் போர்த்திக் கையைப் பற்றிக்கொண்டார். சங்கிலிப் பேச்சு அத்துடன் ஒழிந்தது. உடல் தேறிச் சின்னராசு ஆலைக்குத் திரும்பியதை நானே கண்டேன்.

பின்னர் வேறு குடியிருப்பினரும் அக்காவை நாடினர். மனம் சோர்ந்து ஊணுறக்கம் இழந்த ஒரு பெண்ணுக்கும் இவ்வாறே பாய் விரிக்கப்பட்டது. அயலார் துன்பத்தின் அருகே ஒரு சொல்லும் பேசாமல் அமர்ந்திருக்க எத்துணை வலிமை வேண்டும்! எண்ணுந்தோறும் திகைத்து நிற்கிறேன்.

அம்மருத்துவர்க்கும், ஓய்வு நேரத்தை ஈந்த ஆலைப் பெண்டிர்க்கும், அக்காவின் இறுதி நோயில் எங்களைத் தாங்கிய அனைவர்க்கும் எங்கள் குடும்பம் என்றும் கடப்பாடுடையது.

சின்னராசு அதன்பின் ஒருபோதும் குடிக்கவில்லை என்று எழுத என் மனம் விழைகிறது. அவர் குடும்பத்தோடு போத்தனூருக்குச் சென்றபின் அவரைப் பற்றிய செய்தி ஏதும் எனக்குக் கிட்டவில்லை. ஆகவே அது தெரியாது.