ஆடியது கையா, ரம்பமா

நாயுடுபுரத்தைத் தாண்டி ஒரு மரப்பட்டறை இருக்கிறது. கொடைக்கானலில் கட்டும் காட்டேஜ்களுக்கு அங்கே கதவும் சன்னலும் செய்கிறார்கள். வட்ட ரம்ப மெஷினில் பலகை அறுப்பவர் யோகராஜ். எங்கள் லைன் வீடுகளில் ஒன்றில்தான் குடியிருக்கிறார். அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது இங்கே. அதிகம் பேச மாட்டார். அவர் அறுத்த பலகையை இழைக்காமலே ஒட்டலாம் என்பார்கள்.

போன மழைக்காலத்தில் அவருக்கு இலேசாகப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. மருந்தாலும் பயிற்சியாலும் கை திரும்பியது, அவரும் வேலைக்குத் திரும்பினார். நட்டை இறுக்கும் பலம் மட்டும் வரவில்லை. அதனால் பிளேடு மாட்டும் வேலையைக் கூட இருக்கும் செல்வமுருகன் பார்த்துக்கொண்டான். பலகையைத் தள்ளும்போதெல்லாம் யோகராஜின் கண் அந்தக் கையின் மேலேயே இருக்கும்.

ஆயுத பூஜை முடிந்து மெஷினை ஓட்டிய அன்று, அறுத்த பக்கமெல்லாம் அலை அலையாக வந்தது.

“என்னண்ணே, பலகையில ஏரியே தெரியுது. போட் விடலாம் போலயே!” என்று செல்வமுருகன் சிரித்தான்.

யோகராஜ் சிரிக்கவில்லை. பலகையைக் கவிழ்த்து வைத்தார்.

பட்டறை முதலாளி குமரகுரு புது பிளேடு வாங்கிவந்தார். செல்வமுருகன் மாட்டினான். அப்போதும் அலை போகவில்லை. குமரகுரு யோகராஜை வெளியே அழைத்துப் போனார்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. புது பிளேடுலயும் இப்படி விழுந்தா, வேற எது ஆடும்? வெரல் போயிட்டா ஒங்க வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்ல? திங்கக்கெழமையில இருந்து முருகன் நிக்கட்டும். நீங்க உப்புத்தாள் தேய்க்கிற சோலியப் பாருங்க.”

“சரி தம்பி.”

அவரும் கையைத்தான் சந்தேகப்பட்டார்.

சனிக்கிழமை மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் யோகராஜ் மெஷினிடம் போனார். கடைசியாக ஒரு தடவை தொட்டுப் பார்க்கத்தான் போனதாகப் பிறகு சொன்னார். ஃபியூஸைப் பிடுங்கினார். இடது கையில் பென்சிலைப் பிடித்து பிளேடின் விளிம்புக்குப் பக்கத்தில் வைத்து, வலது கையால் பிளேடை மெல்லச் சுற்றினார். நடுவில் இருந்த இடைவெளி கூடிக் குறைந்தது. ஆடுவது பிளேடா, பென்சிலா? அது தெரியவில்லை.

பென்சிலைக் கீழே வைத்தார். ஒரு கட்டையில் ஆணி அடித்து, அதை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்கினார். ஆணியின் முனை பிளேடைத் தொட்டும் தொடாமலும் நின்றது. இடது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு மறுபடி சுற்றினார். ஒரு பக்கம் ஆணியில் உரசியது. பாதிச் சுற்றில் ஒரு நெல் நுழையும் அளவு விலகியது.

கை பைக்குள்ளே இருக்கிறது. ஆடுவது பிளேடு.

மிகவும் சிரமப்பட்டு நட்டைக் கழற்றி பிளேடை எடுத்தார். ஆணியை, பிளேடைச் சுழற்றும் ஷாஃப்டுக்குப் பக்கத்தில் நகர்த்திச் சுற்றினார். ஷாஃப்ட் நேராகத்தான் ஓடியது. மிச்சம் இருந்தது, பிளேடு சாய்ந்து நிற்கும் கனமான இரும்பு வாஷர். அதன் முகத்தில் விரலை ஓட்டினார். ஓரிடத்தில் மேடு தட்டியது. மரத்தூளுக்கு அடியில் மஞ்சளாகவும் நடுவில் சிவப்பாகவும் இருந்தது. சந்தனப் பொட்டு காய்ந்து, இறுக்கத்தில் கல்லாகியிருந்தது. நடுவில் நூலளவு மேடு இருந்தால் விளிம்பில் பிளேடு அவ்வளவு ஆடும்.

அந்த நேரம் செல்வமுருகன் வந்தான்.

“அதத் தொடாதீங்கண்ணே, சாமி பொட்டு! நானும் மாட்டுறப்பல்லாம் பாத்தேன். தானா உதிரட்டும்னு விட்டுட்டேன்.”

பூஜையில் வைத்த பொட்டை எங்கள் பக்கம் யாரும் துடைப்பதில்லை.

“ஏலே, இதுக்குள்ள யாரு வச்சது?”

“மதினிதான். பூஜைக்குப் பிளேடக் கழட்டித் தொடைச்சப்ப வச்சாங்க. வெளிய வச்சா சுத்துறப்ப பறந்துரும், உள்ள வச்சா நெலைச்சு நிக்கும்னாங்க. ஒங்க கைக்கு வேண்டிக்கிட்டு வச்சாங்க.”

அவன் சொன்னது யோகராஜின் மனைவி அமிர்தவல்லியை. யோகராஜ் ஈரத்துணியால் பொட்டைக் கரைத்துத் துடைத்தார். துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கால் படாத இடமாகப் பார்த்து வேலியோர மரத்தடியில் பிழிந்தார்.

பிளேடைத் திரும்ப மாட்டி ஒரு பலகையை அறுத்தார்கள். குமரகுரு வந்து, நடந்ததைக் கேட்டு, அறுத்த பக்கத்தில் கட்டைவிரலால் தடவினார். வழவழவென்று இருந்தது.

“நாந்தான் அவசரப்பட்டுட்டேண்ணே. கை நல்லாத்தான் இருக்கு. மெஷின்ல நீங்களே நில்லுங்க.”

யோகராஜ் அதோடு விட்டிருக்கலாம். அவர் இடது கை விரலை ஆணி முனைக்குப் பக்கத்தில் நீட்டினார். விரல் மெல்ல நடுங்கியது. மூன்று பேரும் பார்த்தார்கள்.

“அலை இதால வரல தம்பி. ஆனா இதுவும் ஆடுது. இனி தள்ளுகட்டை இல்லாம பலகையத் தள்ள மாட்டேன். சின்னத் துண்டெல்லாம் முருகன் அறுக்கட்டும். சம்மதம்னா நிக்கிறேன்.”

குமரகுரு சரியென்று தலையசைத்தார்.

சாயந்திரம் நடந்ததைக் கேட்டு அமிர்தவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, ஒங்க சோத்துல நானே மண்ணள்ளிப் போடப் பாத்தேனே!”

பலகையைத் தள்ளுவதற்காக அன்று செய்த கைப்பிடிக் கட்டையை யோகராஜ் அவள் முன்னால் வைத்தார்.

“அழுவாத வல்லி. இதுல வையி. இது சுத்தாது.”

அவள் குழைத்து வைத்த பொட்டு இப்போது பாதி உதிர்ந்துவிட்டது. மீதி அவருடைய கைக்குக் கீழே இருக்கிறது.