ஓம் அண்ணை, ஆமாங்க

காட்டுக்குள் ஒரு பாதை. ஒரு சைக்கிள் போகிற அகலம்தான். அதில் இரண்டு மவுண்டன் பைக். இரண்டு அப்பாமார்.

"நீங்கள் முன்னால போங்கோ அண்ணை."

"அட, நீங்க போங்க."

"சீ, நீங்கள் வயசில மூத்தனீங்கள்."

"இது உங்க ஊருங்க. நீங்கதான் முன்னால போகோணும்."

போன ஞாயிறு, ஜெர்மனியில் நான் இருக்கிற டிரெஸ்டனுக்கு வடக்கே ஒரு ஏரிக்கரையில், நானும் நாச்சிமுத்து அண்ணையும் இப்படியே நின்றோம். பின்னால் வந்த ஒரு ஜெர்மன் சோடி பொறுமையாகக் காத்திருந்தது. கடைசியில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பற்றைப் புதருக்குள் இறங்கி, எங்களைச் சுற்றிப் போனார்கள். போகும்போது நன்றி வேறு சொன்னார்கள். எதற்கு நன்றி? எனக்கு விளங்கவில்லை.

யார் இந்த நாச்சிமுத்து அண்ணை? சொல்கிறேன்.

என் மகள் அபி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு ஒரு பெடியனைப் பிடித்திருக்கிறது. பெயர் விக்னேஷ். கோயம்புத்தூர்ப் பிள்ளை. டிரெஸ்டனில் ஏதோ ஆராய்ச்சி. என்ன ஆராய்ச்சி என்று இரண்டு தரம் சொன்னான். இரண்டு தரமும் தலையாட்டினேன். நல்ல பெடியன்.

அவனுடைய அப்பாதான் நாச்சிமுத்து அண்ணை. பஞ்சு மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனைப் பார்க்க வந்தார் என்று பெயர். உண்மையில் எங்களைப் பார்க்க வந்தார். பெண் வீட்டை நேரில் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று சொல்லிவிட்டார். ஒரு கிழமையில் ஊருக்குத் திரும்பிப் போக இருந்தார். அதற்குள் அவர் வாயில் சம்மதம் வர வேண்டியிருந்தது.

அப்பாமார் பழகட்டும் என்று பிள்ளைகள் போட்ட திட்டம்தான் இந்தச் சைக்கிள். முதலில் சுவீடனில் ஒரு ஏரி என்றார்கள். கப்பல்... கூடாரம்... காட்டுக்குள் சமையல். என் மனுசி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஒரே கேள்வி.

"இஞ்ச பக்கத்தில ஏரி ஒண்டும் இல்லையோ?"

இருந்தது.

புறப்படும்போது மனுசி என் முதுகில் ஒரு பையை மாட்டினாள். கிழங்கு வைத்துப் பொரித்த ரோல்ஸ், வடை, பிளாஸ்கில் தேத்தண்ணி. கல்லுப் பாரம். பிறகு கட்டளை.

"அவரை மறுத்துக் கதைக்காதேங்கோ. என்ன சொன்னாலும் ஓம் எண்டுங்கோ."

நான் வாய் திறப்பது குறைவு. திறந்தால் மறுப்புத்தான் வரும் என்பது அவள் கண்ட அனுபவம்.

அபி என் ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே பூட்டிவிட்டாள். மூன்றாம் தரம்தான் பூட்டு விழுந்தது. ஊசியை ஒரே தரத்தில் ஏற்றுகிற கை.

வாடகைக்குச் சைக்கிள் எடுத்தோம். முதல் பிரச்சினை அங்கேயே. நாச்சிமுத்து அண்ணை குனிந்து தேடினார். நானும் குனிந்து தேடினேன்.

"ஏனுங்க, ஸ்டாண்டு எங்கீங்க?"

மவுண்டன் பைக்குக்கு ஸ்டாண்ட் இல்லையாம். இவ்வளவு காசுக்கு ஒரு சைக்கிள், சொந்தமாக நிற்கத் தெரியாது.

அண்ணை குரங்குக் குல்லா போட்டு, அதன்மேல் ஹெல்மெட், கழுத்தில் மஃப்ளர். நல்ல வெயில். "குளிருதில்லீங்களா?" என்றார். எனக்கு வேர்த்து ஊற்றியது.

"ஓம் அண்ணை. சரியான குளிர்."

விக்னேஷ் வழி சொன்னான். மரங்களில் மஞ்சள் கோடு அடித்திருக்கும், அதைப் பிடித்தபடி வந்தால் ஏரியைச் சுற்றி வந்துவிடலாம். அவ்வளவுதான். பிள்ளைகள் இருவரும் பறந்துவிட்டார்கள். நாங்கள் அந்தப் பாதை வாசலில், முன்னால் போங்கோ, நீங்க போங்க என்று நின்றோம்.

கடைசியில் அவர்தான் முன்னால் போனார். மரியாதையால் அல்ல. இறக்கம். பிரேக் எது என்று கண்டுபிடிக்க முதல் போய்விட்டார்.

நான் பின்னால். வேர், கல், மணல். முதுகில் ரோல்ஸ். ஒரு திருப்பத்தில் மஞ்சள் கோடு இடப்பக்கம் போனது. அண்ணை வலப்பக்கம் போனார். அங்கே நீலக் கோடு.

கண்டேன். வாய் வரைக்கும் வந்தது. மனுசியின் முகமும் கூடவே வந்தது. விழுங்கிவிட்டேன்.

கொஞ்ச தூரம் போய் அவர் திரும்பிப் பார்த்தார்.

"இதுதானுங்களே வழி?"

"ஓம் அண்ணை."

அப்படியே போனோம். ஏரி காணாமல் போனது. பிள்ளைகளின் சத்தமும் இல்லை. அண்ணை கதைத்தபடியே மிதித்தார். ஜெர்மனி ரொட்டி அருமை என்றார். ஓம் என்றேன். ஆனாலும் இட்லிக்கு ஈடாகாது என்றார். அதற்கும் ஓம். பிறகுதான் ஒரு விஷயம் கவனித்தேன். அவரும் என்னை மறுக்கவில்லை.

சும்மா சோதித்துப் பார்த்தேன்.

"இஞ்ச மழை நல்லது அண்ணை."

"ஆமாங்க. மழை நல்லதுங்க."

"ஆனா மழை எண்டாலே கரைச்சல்தான்."

"ஆமாங்க. பெரிய தொல்லைங்க."

இப்படி ஒருவரை ஒருவர் ஆமோதித்துக்கொண்டே இரண்டு பேர் எவ்வளவு தூரம் போகலாம்? நிறையத் தூரம் போகலாம். ஆனால் போய்ச் சேர முடியாது.

பாதை ஒரு வேட்டைப் பரணுக்குக் கீழே முடிந்தது. உயரமான மரக்கால், ஏணி, மேலே சின்னப் பெட்டி வீடு. திரும்பி வேறு பாதை எடுத்தோம். கன நேரம் மிதித்தோம். முன்னால் ஒரு வேட்டைப் பரண்.

"இது வேற பரணுங்களா?"

"ஓம் அண்ணை. வேற."

ஏணியில் ஒரு படி உடைந்திருந்தது. முதல் பரணிலும் அதே படிதான் உடைந்திருந்தது. இரண்டு பேரும் அந்தப் படியையே பார்த்தோம்.

போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. ஜெர்மனியில் மரத்துக்கெல்லாம் நம்பர் அடித்திருப்பான், சிக்னல் மட்டும் தரமாட்டான்.

அப்போது ஒரு அம்மா சைக்கிளில் வந்தார். கடவுள் அனுப்பினது போல. வேகத்தைக் குறைத்து, எல்லாம் சரியோ என்று ஜெர்மனில் கேட்டார். நான் உடனே, எல்லாம் சரி, மிக்க நன்றி என்று சொன்னேன். இத்தனை வருசம் ஜெர்மனியில் இருந்த பழக்கம். வாய் தானாகவே சொல்லிவிட்டது. அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நாச்சிமுத்து அண்ணை சைக்கிளைக் கீழே போட்டார்.

"ஏனுங்க! அந்தம்மாகிட்ட வழி கேட்டிருக்கலாமில்லீங்களா?"

எனக்கும் பொறுமை போய்விட்டது. பையும் முதுகை அறுத்தது.

"வழி ஏன் பிழைச்சது அண்ணை? நீங்கள் நீலக் கோட்டில திரும்பினபடியால்தான்!"

"நீலக் கோடா? பாத்தீங்களா?"

"கண்டனான்!"

"அப்ப ஏனுங்க சொல்லலை? நானும் பாத்தனுங்க! தப்பா இருந்தா நீங்க சொல்லுவீங்கன்னுதான் மிதிச்சேன். உங்க ஊர்க் காடு!"

"நான் காட்டிலயோ இருக்கிறன்? நான் பிளாட்டில இருக்கிறன்!"

"சரி, இப்ப இடதுதான் போகோணும்."

"இல்லை. வலது."

"இடதுங்கறேன்!"

"வலது எண்டுறன்!"

காட்டுக்குள் இரண்டு பேர், ஹெல்மெட்டோடு, கத்தினோம். குருவி எல்லாம் பறந்தது. கத்தினபடியே நான் பையைத் திறந்தேன். அவர் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். அதிலும் குறை.

"காரம் பத்தலீங்க!"

"காரம் காணும், போதும்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. அபியின் கை கண்ணுக்குள் வந்தது. முடிந்தது. என் பிள்ளையின் கலியாணத்தை ஒரு பரணுக்குக் கீழே வைத்து, ஒரு ரோல்ஸுக்காக முடித்துவிட்டேன்.

அண்ணை ரோல்ஸை மென்று விழுங்கினார். குரல் இறங்கியது.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? காலையில இருந்து நான் எது சொன்னாலும் ஓம், ஓம்ங்கறீங்க. எல்லாத்துக்கும் ஆமாம்னு சொல்ற மனுசனுக்கு எதுலயும் இஷ்டமில்லைன்னுதானே அர்த்தம்? இவங்களுக்குப் பொண்ணு குடுக்க மனசில்லை போலன்னு நினைச்சனுங்க. வேண்டாம்னு சொல்லிட்டு ஊருக்குப் போயிடலாம்னு இருந்தேன்."



"மனமில்லாட்டி நான் இந்தச் சைக்கிளில ஏறுவனோ அண்ணை? மறுத்துக் கதைக்க வேண்டாம் எண்டு மனுசி சொல்லி அனுப்பினவா."

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஹெல்மெட்டையும் குல்லாவையும் கழற்றினார். தலை முழுக்க வேர்வை.

"எங்க வீட்டுலயும்தானுங்க. நேத்து போன்ல. எதுத்துப் பேசினா ஊருக்கே வராதீங்கன்னுட்டா."

"குல்லா?"

"அதுவும் அவதானுங்க. குளிரே இல்லீங்களே இங்க!"

"குளிரில்லை. அவியுது!"

பிள்ளைகள் வந்து சேர்ந்தது அப்போதுதான். எங்கள் சத்தத்தை வைத்தே இடம் கண்டுபிடித்தார்களாம். அபியின் முகம் வெளுத்திருந்தது.

"அப்பா... சண்டையோ?"

நான் வாய் திறக்க முதல் அண்ணை சொன்னார்.

"சண்டைதாம்மா. உங்கப்பா வலதுங்கறாரு. நான் இடதுங்கறேன். விடமாட்டேங்கறாரு மனுசன்." பிறகு மகனிடம் திரும்பினார். "அம்மாகிட்ட நல்ல நாள் பாக்கச் சொல்லிடுப்பா. இவருகூட இன்னும் நெறையப் பேசவேண்டியிருக்கு."

அபி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அழுதாளோ சிரித்தாளோ தெரியாது. நான் ஒரு ரோல்ஸை அவள் கையில் வைத்தேன்.

"சரி, ஏரி எங்க?" என்று விக்னேஷிடம் கேட்டேன். "இடதோ, வலதோ?"

அவன் எங்கள் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினான். நாலு மரத்துக்கு அங்கால் தண்ணீர் மினுங்கியது.

திரும்பும்போதும் பாதை ஒரு சைக்கிள் அகலம்தான். சம்பந்தி என்னைக் கேட்கவில்லை. நானும் அவரைக் கேட்கவில்லை. முந்தினவர் முன்னால்.

வீட்டில் மனுசி கதவைத் திறந்த கையோடு கேட்டாள்.

"அவரை மறுத்துக் கதைச்சனீங்களோ?"

"ஓம்" என்றேன்.

அன்றைக்கு முழுக்கச் சொன்ன ஓமில் உண்மையானது அது ஒன்றுதான்.