மாம்பலகை யானைகள்

மரத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பாக்யராஜ் நான்கு பதில் சொல்வார். மற்றபடி வாயே திறக்காத மனிதர். தொழிற்பேட்டைக் கம்பெனியில் ஆறு வருஷமாக அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவருக்கு, இவர் ஊர் நெட்டப்பாக்கம், பெண்டாட்டி இறந்துவிட்டாள் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் டீக்கடை பெஞ்சைக் காட்டி, "இது இன்னா மரம்ணே?" என்று யாராவது கேட்டுத் தொலைத்தால் போச்சு. டீ ஆறும், சங்கு ஊதும், அவர் நிறுத்த மாட்டார்.

அந்த வாய்தான் கடைசியில் அவரைக் கெடுத்தது.

முன்பு வேலை பார்த்த மில்லை மூடிவிட, வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் பிடித்த பைத்தியம் இது. பன்னிரண்டு வருஷம் ஆகிறது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் மயிரிழை ரம்பத்தால் பலகையில் பூவேலை செய்வதைப் போனில் பார்த்தார். முதலில் கை ரம்பம். பிறகு செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்க்ரோல் சா மெஷின். தையல் மெஷின் ஊசி மாதிரி ஒரு மெல்லிய அலகு மேலும் கீழும் ஓடும். பலகையை அதன் முன்னால் வைத்து நெளிவு சுளிவாகத் திருப்பினால் நினைத்த உருவம் கைக்கு வரும். விற்பதற்கில்லை, ஆசைக்குத்தான். மயில், சிலுவை, சாவி மாட்டி, சீப்பு மாட்டி என்று வீடு நிறைந்தது.

பலகை கிடைத்த இடம் வில்லியனூரில் பக்கிரியின் சவப்பெட்டிக் கடை. ஆறடிக்கு அறுத்தது போக மிஞ்சும் துண்டுகளைப் பக்கிரி சும்மாவே கொடுத்துவிடுவான். "சாவுக் கடப் பலகைய வூட்டுக்குள்ள கொண்டாராதய்யா" என்று அவர் மனைவி ஜோஸ்பின் முதலில் ஒரு வாரம் கத்தினாள். பிறகு அந்தப் பலகையில் வெட்டிய சீப்பு மாட்டியில் அவளே சீப்பு மாட்டினாள். மகள் சுவேதா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு ஓரங்களைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவாள். நாளடைவில் பலகை எங்கிருந்து வந்தது என்பதே அந்த வீட்டில் மறந்து போயிற்று.

ஜோஸ்பின் மூன்று வருஷத்துக்கு முன் காய்ச்சலில் எட்டே நாளில் போய்விட்டாள். பெட்டி பக்கிரிதான் செய்தான். மாம்பலகையில் செய்துவிட்டு, மிஞ்சிய துண்டை எப்போதும்போல் இவருக்கென்று தனியாக எடுத்து வைத்தான். அவன்மேல் தப்பில்லை, பழக்கதோஷம். பாக்யராஜும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தார். அதில் அலகு வைக்க அவருக்குக் கை வரவில்லை.

அடுத்த வருஷம் சுவேதா, கூட வேலை செய்த குமரவேலைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பண்டசோழநல்லூரில் நெல்லும் கரும்புமாக நிலம் வைத்திருக்கும் குடும்பம். பாக்யராஜின் அப்பா அவர்கள் வயலில்தான் காலமெல்லாம் கரும்பு வெட்டினார். பிறகு கேட்க வேண்டுமா? ஒரு வருஷம் மகனையே சேர்க்கவில்லை. மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்றதும் அவர்கள் இருவரையும் மட்டும் வீட்டுக்குள் விட்டார்கள். அவள் வீட்டு மனிதர்கள் யாரும் வாசல் மிதிக்கக் கூடாது என்பது பேச்சு. பேரன் அரிகரனுக்குப் பதினோரு மாசம் ஆகியும் பாக்யராஜ் அவனைப் போனில்தான் பார்த்திருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் சுவேதா கூப்பிட்டாள்.

"அப்பா, அரிக்கு வர்ற வெள்ளிக்கெழம காது குத்துறாங்க. நீ வாப்பா."

"நானா? அவுங்க வூட்டுக்கா?"

"அத்தையே சொல்ட்டாங்க. மாமன் மடியில ஒக்கார வெச்சிதான் குத்தணுமாம். எனக்குத்தான் அண்ணன் தம்பி இல்லியே. ஒங்கப்பாவ வரச் சொல்லு, அவர் மடியிலயே வெச்சிக்கலாம்னாங்க."

போனை வைத்த பிறகும் பாக்யராஜ் வெகுநேரம் தன் மடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேரனை ஒரு தடவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். உலகத்தில் அவருக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

வெறுங்கையோடு போக முடியாது. மோதிரமும் துணியும் வாங்கினார். பிறகு கட்டிலடியிலிருந்து அந்த மாம்பலகையை இழுத்தார். பேரனைப் பார்க்காமலே போனவள் ஜோஸ்பின். அவள் பங்குக்கும் ஏதாவது போக வேண்டும் அல்லவா? இதைவிட நல்ல பலகை அவரிடம் இல்லை. மூன்று வருஷம் நிழலில் காய்ந்தது, கோணல் இல்லை, கனமும் இல்லை.

ஐந்து யானைகள். ஒன்றின் துதிக்கை அடுத்ததின் வாலைப் பிடித்திருக்கும். கழற்றினால் ஒவ்வொன்றும் தனியாக நிற்கும், சேர்த்தால் ஒரே பலகை. பலகை மேல் பேக்கிங் டேப்பை ஒட்டி, அதன் மேல் படத்தை ஒட்டினார். டேப்பின் வழவழப்பில் அலகு சூடாகாது, ஓரம் கருகாது. மெஷினின் மேசை ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் துண்டுகள் ஒரு பக்கமாகத்தான் கழலும் என்பதால் மட்டத்தை மூன்று தடவை பார்த்தார். அலகின் பல் கீழ்நோக்கி. பலகையைத்தான் திருப்ப வேண்டும், அவசரப்பட்டுத் தள்ளினால் அலகு வளைந்து வெட்டு பிதுங்கிவிடும். கண்ணுக்குச் சின்னத் துளை போட்டு, அலகைக் கழற்றி அதற்குள் நுழைத்து மாட்டி, உள்ளே வட்டமாக அறுத்தார். மூன்று ரக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். குழந்தை கடிக்கும் என்று வார்னிஷ் அடிக்காமல் தேங்காய் எண்ணெய் மட்டும் தடவினார். அப்படி ஒரு வேலையை அவர் அதற்கு முன் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை பந்தலில் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். குமரவேலின் அப்பா சிவப்பிரகாசம் எழுந்து வந்து, "வாங்க" என்றார். சுவேதா பையைப் பிரித்து யானைகளை எடுத்தாள். பெரிய யானையைக் கட்டை விரலால் தடவினாள், மூக்கருகே கொண்டுபோனாள், அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குட்டி யானையை அரிகரன் கையில் அவளே கொடுத்தாள். அவன் அதன் காதை வாயில் வைத்துக்கொண்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். பந்தலே சிரித்தது.

அப்போதுதான் குமரவேலின் அம்மா விஜயகுமாரி ஒரு யானையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "சம்பந்தி, நீங்களே செஞ்சதா? இன்னா மரங்க இது, இவ்ளோ நைசா இருக்குது?"

சம்பந்தி! அந்த வீட்டில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. பாக்யராஜுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சுவேதா கண்ணால் ஜாடை காட்டியதை அவர் பார்க்கவே இல்லை.

"மாம்பலகைங்க. மூணு வருசம் காஞ்சது. வில்லியனூர் பக்கிரி கடப் பலக."

"பக்கிரி கடையா? சவப்பொட்டி செய்வானே, அவனா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். இவர் நிறுத்தவில்லை. "அவன்தாங்க. எங்க வூட்ல சம்சாரத்துக்குப் பொட்டி செஞ்சதுல மிஞ்சினது. அவ பாக்காம பூட்டா பாருங்க, அதான் பேரனுக்கு அவ பங்கா..."

விஜயகுமாரி கையிலிருந்த யானையைத் தரையில் வைத்துவிட்டாள். குழந்தையின் வாயிலிருந்து குட்டி யானையைப் பிடுங்கினாள். அவன் வீறிட்டான். "குளிப்பாட்டி எடுத்துனு வரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

குளித்து வந்த குழந்தையை, மாமன் முறையே இல்லாத குமரவேலின் சித்தப்பா மகன் மடியில் உட்கார வைத்தார்கள். யாரும் பாக்யராஜை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. சிவப்பிரகாசம் மட்டும், "சாப்ட்டுப் போங்க" என்றார். பேரன் முதல் காதுக்கு அழுததையும் இரண்டாவது காதுக்கு அழுததையும் பாக்யராஜ் பந்தல் காலைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். அவமானமாக இருந்தது. அதைவிட, ஜோஸ்பினை நாலு பேர் முன்னால் தீட்டாக்கிவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது.

சாப்பிடாமல் கிளம்பினார். தெருமுனை வரைக்கும் சுவேதா பின்னால் ஓடிவந்தாள். கையில் அவருடைய பை.

"அறியாம சொல்ட்டேன்மா" என்றார்.

"அது கட்டிலடியில கெடந்த அம்மா பலகன்னு எனக்குத் தெரியாதாப்பா? தொட்ட ஒடனே தெரிஞ்சிது. தெரிஞ்சிதான் அவன் கையில குடுத்தேன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் யாருகிட்டயும் சொல்லியே இருக்க மாட்டேன். நீ ஏம்பா வாயத் தொறந்த?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே இங்க வராதப்பா. நானா போன் பண்ணாதான் பேசு." பையை அவர் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்ததும் பாக்யராஜ் பையைத் திறந்தார். ஒன்றையாவது அவள் எடுத்து வைத்துக்கொண்டிருப்பாள் என்று மனசு அடித்துக்கொண்டது. ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தார். ஐந்தும் இருந்தன. குட்டி யானையின் காது மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.